லே வரை போக எந்த வண்டி? தார் சாலைக்கும் மண் சாலைக்கும் பொருந்தும் மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் முறை

சேலத்திலிருந்து லடாக்கில் உள்ள லே வரை மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்புவது என்று முடிவெடுத்த நாளுக்கும் உண்மையில் கிளம்பிய நாளுக்கும் இடையில் எனக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. முதலில் ஒரு புதிய வண்டியை வாங்கி ஏழே மாதத்தில் நாற்பதாயிரம் ரூபாய் நஷ்டத்துக்கு விற்றேன். இரண்டாவதாக வாங்கிய பழைய வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) என் பெயருக்கு மாறும் வரை நான்கு மாதம் அலைந்தேன். வண்டியைப் பற்றி நான் படித்தவை ஏராளம். ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. ‘டூயல் ஸ்போர்ட்’ அல்லது ‘அட்வென்ச்சர்’ என்று கடைகளில் சொல்லப்படும் வண்டியை முதல்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வரிசையைக் கீழே தருகிறேன். லே பயணத்தையே எடுத்துக்காட்டாக வைத்துள்ளேன். ஸ்பிட்டிக்கோ அருணாசலத்துக்கோ போகிறவர்கள் தூரங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் கணக்கு அப்படியே பொருந்தும்.

1. முதலில் பாதையைக் காகிதத்தில் பிரித்து எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை இது. சேலத்திலிருந்து லே ஏறக்குறைய 3,300 கி.மீ. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக டெல்லியைத் தாண்டும் வரை பெரும்பகுதி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். நான்கு வழிச் சாலை, வெயில், எதிர்க்காற்று, லாரிகள். மலைச் சாலை என்று சொல்லத்தக்கது இமாசலத்துக்குள் நுழைந்த பிறகு வருகிறது. அதிலும் இன்று மணாலி–லே சாலையின் பெரும்பகுதி தார் போடப்பட்டதுதான். உடைந்த கல் சாலை, மணல், சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் பனியுருகு நீர் ஆகியவை இடையிடையே வருகின்றன.

போக, வர 6,600 கி.மீ., உள்ளூர்ச் சுற்றுக்கு இன்னும் ஆயிரம் என்று வைத்தால், மண்ணும் கல்லுமாக நீங்கள் ஓட்டப் போவது சில நூறு கிலோமீட்டர்தான். ஆகவே உங்கள் வண்டி நாள்தோறும் எட்டு மணி நேரம், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், கை மரத்துப் போகாமலும் இடுப்பு கழன்று போகாமலும் ஓட வேண்டும். அந்தச் சில நூறு கிலோமீட்டரிலும் உங்களைக் கைவிடக் கூடாது. மண்ணுக்கென்றே செய்த மெலிந்த வண்டி முதல் வேலையில் தோற்கும். நெடுஞ்சாலைக்கென்றே செய்த கனத்த வண்டி இரண்டாவதில் தோற்கும்.

நெடுஞ்சாலைப் பகுதியைத் தவிர்க்க இன்னொரு வழியும் உண்டு. வண்டியை ரயில் பார்சலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்பிவிட்டு, நீங்கள் தனியாகப் போய் எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோலை முழுமையாக வடித்துவிட்டு, சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டி, ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்வதாக முடிவெடுத்தால் சிறிய, இலகுவான வண்டியே போதும். இந்த முடிவை வண்டி வாங்கிய பிறகு அல்ல, முன்பே எடுக்க வேண்டும் என்பதால்தான் இதை முதல் படியில் வைக்கிறேன்.

2. கால் எட்டுகிறதா, கை தூக்குகிறதா என்று பாருங்கள்

என் முதல் வண்டியை நான் விற்றதற்குக் காரணம் இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதுதான். வாங்கிய மூன்றாம் மாதம், பயணப் பைகளை முழுமையாக ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலையில் ஒரு மண் பாதையில் பழக்கிப் பார்க்கப் போனேன். ஏற்றத்தில் ஒரு வளைவில் நிறுத்திக் கால் ஊன்றினேன். ஊன்றிய பக்கம் தரை நான்கு விரற்கடை தாழ்வாக இருந்தது. கால் எட்டவில்லை, வண்டி மெதுவாகச் சாய்ந்தது, பிடித்து நிறுத்த முடியவில்லை. டேங்க் மூடியின் ஓரத்தில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சூடான கல்லில் விழுந்து உடனே காய்ந்துகொண்டிருந்தது. மூன்று முறை தூக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு வந்து மறுபடி படுத்தது. புளி மூட்டையோடு வந்த ஒரு கணவனும் மனைவியும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து பின்பக்கத்தைப் பிடித்த பிறகே அது எழுந்தது. கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டர் உயரத்தில் தூக்க முடியாத வண்டியை ஐயாயிரம் மீட்டரில், மூச்சுக்கே திணறும் இடத்தில், தனியாகத் தூக்கப் போவதில்லை என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

என் உயரம் 165 செ.மீ. உங்கள் உயரத்தைவிட முக்கியமானது உட்கால் நீளம். சுவரில் முதுகைச் சாய்த்து, வெறுங்காலோடு நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். இந்த அளவு சீட் உயரத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம், ஏனெனில் ஆள் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் தாழும், ஷூவின் அடியும் சற்று உயர்த்தும். அதைவிட அதிகக் குறைவு என்றால் சமதளமற்ற இடத்தில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் வண்டி சாய்ந்துவிடும் என்ற பயம் கூடவே வரும்.

கடையில் இதைச் சோதிக்கும்போது மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். பயண ஷூவை அணிந்து உட்காருங்கள். வண்டியை ஒரு சக்கரம் பாதையின் ஓரத்திலும் ஒரு கால் அதற்குக் கீழேயும் வருமாறு நிறுத்திப் பாருங்கள். இறுதியாக, கீழே படுத்த வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்; புது வண்டியில் இதற்குக் கடைக்காரர் சம்மதிக்க மாட்டார் என்பதால், அதே வண்டி வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துப் புல்தரையில் முயன்று பாருங்கள். தூக்கும் முறை இது: வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள், இடப்பக்கம் விழுந்திருந்தால் கியரில் போடுங்கள். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுமையாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, இடுப்பை வளைக்காமல் கால்களால் பின்னோக்கிச் சிறு அடிகளாக நடந்து எழுப்ப வேண்டும். பளு தொடையில் இறங்க வேண்டும், முதுகில் அல்ல.

உயரம் போதவில்லை என்றால் சஸ்பென்ஷன் இணைப்பை மாற்றி வண்டியைத் தாழ்த்தித் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். தரை இடைவெளி குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் சைடு ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருப்பதால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நின்று, சுமை ஏற்றியதும் மறுபக்கம் விழுவது பலருக்கும் விழுந்த பிறகே தெரிகிறது. சீட்டின் பஞ்சைச் சற்றுச் செதுக்குவது அதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதிகம் செதுக்கினால் ஐந்நூறாவது கிலோமீட்டரில் அதன் விலையை உங்கள் இடுப்பு கொடுக்கும்.

3. எஞ்சின் வலுவை மலையின் உயரத்தில் வைத்துக் கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறன் கடல் மட்டத்துக்கானது. கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர், தங்லங் லா 5,328 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்கே. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டி பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வதால் புகை கக்காது, திணறி நிற்காது. ஆனால் இழந்த வலு திரும்ப வராது. ஏறக்குறைய 19 குதிரைத்திறன் கொண்ட 200 சிசி வண்டி அங்கே பத்துச் சொச்சம் குதிரைத்திறனோடுதான் ஏறும். தனியாளாக, 20 கிலோ சுமையோடு, முதல் இரண்டு கியர்களில் அது போய்விடும், நான் போனேன். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு பேருடைய சுமையையும் ஏற்றினால் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏற வேண்டியிருக்கும். கிளட்ச் கருகும் வாசனை வரத் தொடங்கிய பிறகு அடுத்த பட்டறைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே விதி எளிது. தனியாகப் போகிறவருக்கு 200 முதல் 250 சிசி போதும். இருவர் ஒரே வண்டியில் போவதாக இருந்தால் 350 சிசிக்கு மேல் பாருங்கள். அப்போதும் உற்பத்தியாளர் கையேட்டில் கொடுத்திருக்கும் மொத்தச் சுமை வரம்பை இருவரின் எடை, பைகள், கூடுதல் பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட வேண்டும். இந்தக் கூட்டலைச் செய்யாமல் போகிறவர்களின் பின்பக்கக் கம்பிச் சட்டம்தான் கல் சாலையில் முதலில் விரிசல் விடுகிறது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் விஷயத்தில் ஒரே கேள்வி: பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க முடியுமா? சரளைக் கல் இறக்கத்தில் அது அணைந்திருப்பது நல்லது. சில வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் அது மீண்டும் தானாக இயங்கத் தொடங்கிவிடும். தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

4. பெட்ரோல் கணக்கு

மணாலியிலிருந்து போகும்போது கீலாங்குக்கு முன்னால் தண்டியில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று அங்கே நெடுங்காலம் நின்ற பலகையின் முன்னால் படம் எடுக்காதவர் இல்லை. லேவுக்குச் சற்று முன்னால் காருவில் பங்க் இருப்பதால் உண்மையில் 330 கி.மீ. அளவுக்கு உங்கள் டேங்க் தாங்க வேண்டும். இடையில் கூடாரக் கடைகளில் பாட்டிலில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

ஊரில் கிடைக்கும் மைலேஜை அப்படியே வைக்காமல் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், ஏனெனில் ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஓடும். லிட்டருக்கு 36 கி.மீ. தரும் வண்டி 27 தரும் என்று வைத்தால், 13 லிட்டர் டேங்கில் 351 கி.மீ.; ஒரு சிறு கேன் கையிலிருந்தால் போதும். 7.6 லிட்டர் டேங்க் கொண்ட வண்டியில் இந்தக் கணக்கு எட்டாது. இரண்டு பெரிய கேன்களைச் சுமந்தாக வேண்டும், அவற்றின் எடை பின்னால் ஏறும். பிளாஸ்டிக் தண்ணீர் கேனில் பெட்ரோலைக் கொண்டுபோவதை எவ்வளவு அவசரமானாலும் செய்யாதீர்கள். எரிபொருளுக்கென்றே செய்த கேனை வாங்குங்கள்.

5. சக்கரமும் டயரும்

கல் சாலையில் 21 அங்குல முன் சக்கரம் குழியைச் சிரமமில்லாமல் தாண்டும். 19 அங்குலம் நெடுஞ்சாலையில் வளைவுகளில் எளிதாகத் திரும்பும். ஸ்போக்ஸ் சக்கரம் வளைந்தால் நிமிர்த்திவிடலாம். அலாய் சக்கரத்தில் விரிசல் விட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் இருக்கும்; ஆணி குத்தினால் பத்து நிமிடத்தில் நாடாவைச் செருகிக் காற்றடித்துவிட்டுப் போகலாம். ஸ்போக்ஸ் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் சேர்ந்து சில புதிய வண்டிகளில் வருகின்றன. கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் அதுவே சிறந்தது.

டியூப் உள்ள வண்டியை வாங்கினால், டயரைக் கழற்றி டியூபை மாற்றக் கற்றுக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். உங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு மாலைப் பொழுது போய், காசு கொடுத்து, உங்கள் கையாலேயே இரண்டு சக்கரத்தையும் செய்ய விடும்படி கேளுங்கள். எனக்கு முதல்முறை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அதிலும் நெம்புகோலால் புது டியூபைக் கிள்ளி ஓட்டை போட்டேன். அந்தப் பிழையைச் சேலத்தில் செய்ததால் எழுநூறு ரூபாயோடு முடிந்தது. மாற்று டியூப் ஒன்றுதான் கொண்டுபோக இடமிருக்கிறது என்றால் முன் சக்கரத்துடையதைக் கொண்டுபோங்கள். அவசரத்துக்கு அதைப் பின் சக்கரத்தில் மடித்துப் போட்டு அடுத்த ஊர் வரை மெதுவாகச் சேரலாம்.

6. பட்டியலை மூன்றாகச் சுருக்குங்கள்

இத்தனையும் எழுதி வைத்த பிறகு சந்தையைப் பாருங்கள். இந்தியாவில் பரவலாகக் கிடைப்பவற்றில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி இலகுவானது, ஏறக்குறைய 159 கிலோ. 13 லிட்டர் டேங்க், 21 அங்குல முன் சக்கரம், 825 மி.மீ. சீட் உயரம். நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டினால் அதற்கு உழைப்பு. சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 250 சிசி, 167 கிலோ, 12 லிட்டர். அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். தார் சாலை அதிகமுள்ள பயணத்துக்கு நான் இதை முன்னால் வைப்பேன், பெட்ரோல் கணக்கை மட்டும் கவனிக்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க், 196 கிலோ. சீட்டை 825க்கும் 845 மி.மீ.க்கும் மாற்றி வைக்கலாம். அதற்கு முந்தைய 411 சிசி ஹிமாலயன் இப்போது பழைய வண்டியாக மட்டுமே கிடைக்கிறது, 800 மி.மீ. சீட் உயரம் குட்டையானவர்களுக்குப் பெரிய வசதி, 199 கிலோ எடை பெரிய சுமை. கேடிஎம் 390 அட்வென்ச்சர் வலுவில் இவை எல்லாவற்றுக்கும் மேல், 14.5 லிட்டர் டேங்க். கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோ. ஆனால் சீட் 880 மி.மீ., டேங்க் 7.6 லிட்டர் என்பதால் அது மண் பாதைக்கான வண்டி, நெடும்பயணத்துக்கு அல்ல.

இவற்றில் உங்கள் கணக்குக்குப் பொருந்தும் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும்போது சர்வீஸ் யாரிடம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நாக்பூரிலும் மண்டியிலும் மணாலியிலும் லேவிலும் உங்கள் வண்டிக்குப் பட்டறை இருக்கிறதா, கிளட்ச் கேபிளும் பிரேக் பேடும் கையிருப்பில் இருக்குமா என்று அந்தந்த ஊர்க் கடைகளுக்கே தொலைபேசியில் கேளுங்கள். ஐந்து அழைப்பு போதும். விற்பனையாளர் சொல்லும் ‘எங்கும் கிடைக்கும்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

7. முழு விலை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்

ஷோரூம் விலைக்கும் வண்டி சாலைக்கு வரும் விலைக்கும் உள்ள இடைவெளி பலருடைய திட்டத்தைக் கவிழ்த்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதற்கு மேல் 40 விழுக்காடு. அதற்கு முன் வந்த விலைப் பட்டியல்களையும் ஒப்பீட்டுக் காணொளிகளையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சிறிய வண்டிக்கும் பெரிய வண்டிக்குமான இடைவெளி இப்போது அதிகம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு வாழ்நாள் சாலை வரி 12 விழுக்காடு. புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி அது 150–350 சிசிக்கு 7,365 ரூபாய், 350 சிசிக்கு மேல் 15,117 ரூபாய், இரண்டுக்கும் மேலே 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வண்டியின் சேதத்துக்கான ஓராண்டுக் காப்பீடு, தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால், 2 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையுள்ள 250 சிசி வண்டி ஏறக்குறைய 2.40 லட்சத்தில் வந்து நிற்கும். 3 லட்சம் விலையுள்ள 450 சிசி வண்டி 3.60 லட்சத்தைத் தொடும். ‘கையாளும் கட்டணம்’ என்று ஏதாவது சேர்த்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள், ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கேட்டவர்களுக்கு அது பெரும்பாலும் குறைகிறது. காப்பீட்டைக் கடையிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதற்கு மேல் பயணச் சாமான்களுக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள். பக்கவாட்டுக் கம்பி, பைகள், எஞ்சின் அடித்தகடு, கைக்காப்பு, டயர் என்று நான் செலவழித்தது 34,000 ரூபாய். தலைக்கவசமும் ஜாக்கெட்டும் தனி. வண்டிக்கே கடைசி ரூபாய் வரை கொடுத்துவிட்டு மலிவுப் பையைக் கட்டிக்கொண்டு போவதைவிட, ஒரு படி குறைந்த வண்டியும் நல்ல சாமான்களும் மேல்.

8. பழைய வண்டி என்றால் காகிதத்தை முதலில் பாருங்கள், வண்டியை அடுத்து

நான் மிக அதிகமாகச் சிரமப்பட்டது இங்கேதான். வண்டி அருமையாக இருந்தது, விலை நியாயமாக இருந்தது, விற்றவர் நல்ல மனிதர். ஆனால் அவர் கடனில் வாங்கிய வண்டி அது. கடனைக் கட்டி முடித்து வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்கியிருந்தார். ஆனால் அதை ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்கவே இல்லை. அந்தச் சான்று பொதுவாக 90 நாள் வரைதான் செல்லும். நான் பணம் கொடுத்த பிறகே அது காலாவதியானதைக் கவனித்தேன். அவர் வேலை நிமித்தம் வேறு மாநிலத்தில் இருந்தார். வங்கிக் கிளை கணக்கை வேறு ஊருக்கு மாற்றியிருந்தது. மறு சான்று வர ஆறு வாரம், பிறகு கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று ஒரு முறை திரும்பியது. அந்த ஆண்டின் பருவம் கை நழுவியது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். பதிவு எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு, கடன் குறிப்பு ஏதும் பதிவில் இருக்கிறதா, காப்பீடும் புகைச் சான்றும் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். நிலுவை அபராதங்களைத் தனியாகப் பாருங்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேறு படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் படியுங்கள், மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். கடன் குறிப்பு இருந்தால், விற்பவரே படிவம் 35ஐயும் வங்கிச் சான்றையும் கொடுத்து அதை நீக்கி, நீக்கப்பட்ட ஆர்.சி.யைக் காட்டிய பிறகே பணம் என்று சொல்லிவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30, ஆர்.சி., நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று, இருவருடைய முகவரிச் சான்று வேண்டும். சட்டப்படி அதே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானாக வந்துவிடும், உங்கள் வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

வெளிமாநிலப் பதிவெண் கொண்ட வண்டி மலிவாகக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். படிவம் 28 வழியாக அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்றை வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியை மறுபடி கட்ட வேண்டும், பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விலையில் மிச்சமானது வரியில் போகும், அதோடு பல மாதங்களும் போகும்.

காகிதம் சரியான பிறகு வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக இடவலம் திருப்பினால் நடுவில் எங்கும் தட்டக் கூடாது. தட்டினால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, எஞ்சின் அடித்தகட்டில் ஆழமான பள்ளம், ஸ்போக்ஸைப் பென்சிலால் தட்டினால் ஒன்று மட்டும் மந்தமாக ஒலிப்பது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு விலையில் பேசுங்கள். சேசிஸின் வளைவுகளில் புதிய பெயின்ட் பூச்சோ வெல்டிங் தழும்போ கண்டால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

9. நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மணாலி–லே சாலை பொதுவாக மே அல்லது ஜூனில் திறந்து அக்டோபர் வரை இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் இமாசலத்தில் மழையும் மண்சரிவும் மிகுதி. ஓடைகளிலும் நீர் அதிகம். புதியவர்களுக்கு நான் செப்டம்பரைச் சொல்வேன். செப்டம்பர் முதல் வாரம் கிளம்ப வேண்டுமென்றால் ஏப்ரலில் வண்டி கையில் இருக்க வேண்டும். புது வண்டிக்குப் பதிவெண் வர ஓரிரு வாரம், பழையதற்குப் பெயர் மாற ஒன்று முதல் இரண்டு மாதம் என்று வையுங்கள். முதல் சர்வீஸ் பல வண்டிகளில் 500 முதல் 1,000 கி.மீ.க்குள் வரும், அதை முடித்து மேலும் இரண்டாயிரம் கிலோமீட்டராவது ஓட்டியிருந்தால்தான் வண்டியின் ஒலி உங்களுக்குப் பழகும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் எந்தப் புதிய பாகத்தையும் பொருத்தாதீர்கள்; அது சரியாக இறுக்கப்பட்டதா என்பது வழியில்தான் தெரியும்.

10. முழுச் சுமையோடு இரண்டு நாள் ஒத்திகை

லேவுக்குக் கொண்டுபோகும் அத்தனையையும் கட்டிக்கொண்டு முதல் நாள் நெடுஞ்சாலையில் 400 கி.மீ. ஓட்டுங்கள், மறுநாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குங்கள். முதல் நாள் உங்கள் இடுப்பையும் மணிக்கட்டையும் பற்றிச் சொல்லும்; இரண்டாம் நாள் பிரேக்கையும் சுமை கட்டிய விதத்தையும் பற்றிச் சொல்லும். இறங்கியதும் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள். என் பக்கவாட்டுக் கம்பியில் இரண்டு தளர்ந்திருந்தன. இரண்டு நாளும் பயன்படாத பொருளை வீட்டில் இறக்கி வையுங்கள். நான் ஆறு கிலோ இறக்கினேன்.

11. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஆவணம் சட்டப்படி செல்லும். ஆனால் நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இருந்தாலும் கணவாய்களில் சிக்னல் இல்லை. ஆகவே அசல் ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை நீர் புகாத உறையிலும், இரண்டு நகல்களை வேறொரு பையிலும் வையுங்கள். காப்பீடும் புகைச் சான்றும் பயணத்தின் நடுவில் காலாவதியாகாதபடி முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள். லேவுக்கு அப்பால் உள்ள நுப்ரா, பாங்காங் பகுதிகளுக்குத் தேவைப்படும் அனுமதிச் சீட்டையும் சுற்றுச்சூழல் கட்டணத்தையும் லேவுக்குப் போவதற்கு முன்பே இணையத்தில் முடித்துக்கொண்டு நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட, ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வெளியூரில் வாடகைக்கு எடுத்த வண்டிகளை லடாக்கின் உட்பகுதிகளுக்குள் உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தினர் விடுவதில்லை. அதனால் வழியில் நிறுத்தி ஆர்.சி.யில் உள்ள பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிடுவார்கள். கார்துங் லா ஏற்றத்துக்கு முன்னால் எனக்கு முன் நின்ற ஓர் இளைஞரின் வண்டி, அவர் நண்பரிடமிருந்து வாங்கி இன்னும் பெயர் மாற்றாதது. விற்பனை ஒப்பந்தத்தைக் கைபேசியில் காட்ட முயன்றார். சிக்னல் இல்லாததால் அது திறக்கவில்லை. இருபது நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு அவர் லேவுக்குத் திரும்பினார். அப்பா, அண்ணன் பெயரில் உள்ள வண்டி என்றால், உறவைக் காட்டும் சான்றின் நகலும் உரிமையாளரின் கையொப்பமிட்ட கடிதமும் அந்த உறையிலேயே இருக்கட்டும்.